செம்மஞ்சள் பூவுக்கு மேல் பிளாஸ்டிக்

எங்கே பார்த்தாலும் இப்போது பழைய கரவன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, அடுப்பும் படுக்கையும் உள்ள அந்தச் சின்ன வண்டியைத்தான் சொல்கிறேன். டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற ஹேர்னிங் நகரத்துக் கடைகளில் கோப்பையில் அதன் படம், தலையணை உறையில் படம், நத்தார் மரத்தில் தொங்கவிடவும் குட்டிக் கரவன். நகர மத்தியில் ஒருத்தி உண்மையான கரவனுக்கே இளம்பச்சை பூசி, அதற்குள் நின்று கோப்பி விற்கிறாள். கலியாணம் கட்டின சோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒன்று இருந்த காலத்தில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை வாங்கிவந்தவர் என் மனுசன். ஒரு வயதான டெனிஷ் தம்பதி வாங்கி, அதிகம் பாவிக்காமலே நிறுத்தி வைத்திருந்த வண்டி. முட்டை மாதிரி உருண்டு இருக்கும். உள்ளே எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் மடிக்கிற மேசை. இருக்கைகளில் செம்மஞ்சள் பூப் போட்ட தடித்த துணி. நான் அப்போது தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நல்ல துணியைக் கண்டால் சும்மா நிற்கமாட்டேன். ஆசையாக உட்காரப் போனேன். மனுசன் மறித்தார்.

"பொறும், பொறும்! ஊத்தையாக்கிப் போடாதையும்!"

மறுநாளே மனுசன் தடித்த கண்ணாடிப் பிளாஸ்டிக்கைச் சுருளாக வாங்கி வந்து என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமே இல்லை. சோபாவுக்குப் பிளாஸ்டிக், சாப்பாட்டு மேசைக்குப் பிளாஸ்டிக், டிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக். நல்லதை மூடிவைத்து, மூடிக்கு மேலேயே சீவிப்போம். நானும் வாயை மூடிக்கொண்டு தைத்தேன். பிறகு ஒரு சுருக்கம் விழாமல் இருக்கையோடு இழுத்து, அடிப்பக்கத்தைக் கையாலேயே தைத்து மூடினேன்.

ஒவ்வொரு கோடையும் ஜெபம் பண்ணிவிட்டு, மிளகாய்த்தூளையும் இடியப்ப உரலையும் ஏற்றிக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குப் போவோம். வெயில் ஏறினால் தொடை பிளாஸ்டிக்கில் ஒட்டும். எழும்பும்போது தோல் உரிந்துவிட்டதோ என்று தடவிப் பார்க்கவேண்டும். மகள் டெனிஷில் கத்துவாள். நான் மனுசனைப் பார்த்துத் தமிழில் கத்துவேன்.

"இஞ்சரப்பா, இதைக் கழட்டி எறிவமே? மனுசர் இருக்கிற இடமோ இது?"

"இப்ப கழட்டினா கெதியிலை கந்தலாப் போயிடும். பென்சன் எடுத்த உடனை கழட்டுவம். பிறகு நீரும் நானும் இதிலை ராசா ராணி மாதிரி இருந்துகொண்டு நோர்வே வரைக்கும் போவம்."

"ராணிக்கு இப்பவே தொடை உரியுது."

சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் என் கோபம் எங்கேயோ போய்விடும். மழை பெய்கிற நாட்களில் எதிரெதிரே இருந்து தேத்தண்ணீர் குடிப்போம். அவர் நோர்வே வரைபடத்தை மேசையில் விரித்து, விரலால் வழி காட்டிக்கொண்டிருப்பார். அவர் இருந்து இருந்து அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் வெடித்தது. அதற்கும் மண்ணிற டேப் ஒட்டினாரே தவிர, கழற்றவில்லை.

பென்சனுக்கு முந்தின மாரியில் நெஞ்சுவலி வந்தது. ஆசுபத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கரவன் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் நின்றது. சில பின்னேரங்களில் தேத்தண்ணீரோடு உள்ளே போய், என் பக்கத்து இருக்கையில் இருந்து, டேப் ஒட்டின அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிளாஸ்டிக் அவர் இருந்த அளவுக்குப் பள்ளமாகவே கிடந்தது. விசர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மகள் இப்போது ஓல்போர்க்கில், துணிகளுக்குப் பூ வடிவங்கள் வரைகிற வேலையில் இருக்கிறாள். ஏதாவது தேவையென்றால்தான் அவளுக்குத் தமிழ் வரும். இந்த வசந்தத்தில் வந்து நின்று நல்ல தமிழில் தொடங்கினாள்.

"அம்மா, பழைய கரவனுகளை வச்சு ஒரு கண்காட்சி செய்யினம். எங்கடை பூவைப் பாத்து நான் புதுத் துணி செய்யப்போறன்."

"செய்யன். ஆர் வேண்டாமெண்டது?"

"பிளாஸ்டிக்கைக் கழட்டவேணும்."

"அதிலை கை வச்சாப் பார்!"

 அவள் மெல்லச் சொன்னாள்: "அப்பா கழட்டுவம், கழட்டுவம் எண்டு சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதானே அம்மா இருந்தனான்."

 வீட்டுக்குள்ளே போய்த் தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து வந்தேன்.

"தள்ளு. தைச்சவள் நான். நானே பிரிக்கிறன்."

என் தையல் எனக்கே விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பக்கத்தைக் கடைசியில்தான் பிரித்தேன். பழுத்து மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் டேப்போடும் பள்ளத்தோடும் ஒரே துண்டாக வந்தது. கீழே செம்மஞ்சள் பூக்கள் கடையிலிருந்து அப்போதுதான் வந்தவை போலக் கிடந்தன. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அன்றைக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. பிளாஸ்டிக்கை மடித்து என் அலுமாரியில் வைத்தேன்.

கண்காட்சிக்கு ஓல்போர்க் போனேன். எங்கள் கரவன் மினுங்கிக்கொண்டு நின்றது. சுவரெல்லாம் மகள் செய்த துணியில் எங்கள் பூ, சாப்பாட்டுத் தட்டு அளவில். இளசுகள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். "புதுசு போலவே வைத்திருக்கிறார்களே!" என்று ஒரு பெண் டெனிஷில் வியந்தாள். உள்ளே இருக்கைகளுக்குக் குறுக்கே ஒரு கயிறு. அதில் ஒரு அட்டை: தயவுசெய்து உட்கார வேண்டாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அட கடவுளே, இங்கேயுமா?

மகள் என் முகத்தைப் பார்த்தாள். கயிற்றைக் கழற்றினாள். "இருங்கோ அம்மா."

என் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஒட்டவில்லை, சத்தம் இல்லை. அவ்வளவு மெத்தென்று இருந்தது. எதிரே அவருடைய இடத்தில் ஒரு பள்ளமும் இல்லாமல் பூக்கள் மட்டும். ஒரு மழைப் பின்னேரம், ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம், இந்த மெத்தையில் அவர் உட்கார்ந்திருந்தால் போதுமே என்று நினைத்தேன். ஆட்கள் நிற்கிறார்களே என்றும் பார்க்காமல் வாய்விட்டே சொன்னேன்:

"இஞ்சரப்பா, அப்பவே கழட்டியிருக்கலாம்."