பாக்கிக்குப் பிடித்துவைத்த கண்கள்

ஸ்பாஞ்சு ஒட்டுகிற பசைக்கு ஒரு நெடி உண்டு; மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, சாப்பிடுகிற ரசத்தில்கூட வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைப் போர்ஷனுக்குள் நுழைகிற யாரும் முதலில் அந்த நெடிக்கு முகம் சுளிப்பார்கள், அப்புறம் சுவரைப் பார்ப்பார்கள், பார்த்த உடனே ஓரடி பின்னால் போவார்கள். சுவரில் கண்கள் தொங்கிக்கொண்டிருக்கும். குரங்குக் கண், யானைக் கண், ஒரு பல் டாக்டருக்காகச் செய்த சிரிக்கும் பல்லின் கண் என்று ஜோடி ஜோடியாக, ஆணிக்கு ஒரு ஜோடி, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.

கடை திறப்பு விழாக்களில் வாசலில் நின்று கையாட்டுமே, ஆளுயரப் பொம்மை, அந்த உடைகளை ஆர்டர் வாங்கித் தைத்துக் கொடுப்பது அம்மாவின் தொழில். அப்பா எங்களோடு இல்லை. அது வேறு கதை, அதை விடுங்கள். அம்மா அட்வான்ஸாகப் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். உடம்பும் தலையும் தயாரானதும் அனுப்பிவிடுவாள். கண்களை மட்டும் அனுப்ப மாட்டாள். வெல்க்ரோ வைத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி அவற்றைத் தனியாகச் செய்து, "பாக்கி" வருகிற வரைக்கும் எங்கள் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பாள். "கண்ணையும் குட்த்துட்டா அப்பால நம்மள எவன் திரும்பிப் பாப்பான்?" என்பாள். எல்லோரும் ஏமாற்றி ஏமாற்றி அவளாகக் கண்டுபிடித்த வழி அது.

அவளுக்கு அது வழி, எனக்கு அது கிலி. பாக்கி வைத்திருக்கிற முதலாளிகள் எல்லோரும் அந்தக் கண்கள் வழியாக, நான் வீட்டுப்பாடம் எழுதுவதையும் பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதையும் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பதாக எனக்கு உறுதியாகத் தோன்றியது. படுக்கும்போது சுவருக்கு முதுகைக் காட்டிப் படுப்பேன். முதுகு குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். பகலில் அம்மா ஒரு தடவை யானைக் கண்ணை எடுத்து என் முகத்தில் வைத்துக் காட்டியிருக்கிறாள். வெள்ளை வலைத்துணியில் கருவிழியைப் பெயின்ட்டால் வரைந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அது கண், உள்ளே இருப்பவனுக்கு அது ஜன்னல். "உள்ள பூர்றவன் இது வழியாத்தான் பாக்கணும், வேற ஓட்டை கெடையாது" என்றாள். அது தெரிந்த பிறகும் பயம் போகவில்லை.

பாக்கி வசூலிக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். குழந்தை கூட இருந்தால் கெட்ட வார்த்தையில் திட்ட மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. திட்டத்தான் செய்தார்கள், என்னைப் பார்க்காமல் திட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "செக்கு எழுதி வச்சாச்சும்மா, கையெழுத்துதான் போடணும்" என்பார் ஒருவர். "பார்ட்னர் ஊர்ல இல்ல" என்பார் இன்னொருவர். இன்னும் சிலர், ஆர்டரை எடுத்துப் போனபோது வாயைத் திறக்காதவர்கள், பாக்கி என்று கேட்டதும்தான் "ஒரு காது கோணலா கீதே, அதுக்கு இன்னா சொல்ற?" என்று ஆரம்பிப்பார்கள். நான் அம்மாவின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அந்தக் கடையின் தரையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, காட்டுப்பாக்கத்தில் மெயின் ரோட்டின்மேல் புதிதாக ஒரு மெத்தைக் கடை வந்தது. அதன் முதலாளி ஒரு கரடி வேண்டும் என்றார், குண்டுக் கரடி, பார்த்தாலே தூக்கம் வர வேண்டும். அவர் கொடுத்த அட்வான்ஸ் ஃபர் துணிக்கே போதவில்லை. மீதிக்கு அம்மா தண்டல்காரரிடம் வாங்கினாள். தினமும் காலையில் மொபெட்டில் வந்து வட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துப் போகிறவர்களைத்தான் எங்கள் பக்கம் "தண்டல்" என்பார்கள். எங்கள் தண்டல்காரர் குரலை உயர்த்தவே மாட்டார். வாசலில் நின்று, அம்மாவின் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டே, "மிஷினு நல்லா ஓடுதாம்மா?" என்று விசாரிப்பார். நான் போய் மிஷினை ஒட்டி நின்றுகொள்வேன். தவணை தவறிப்போன ஒரு காலையில் அதே சாந்தமான குரலில் சொன்னார்: "கரடிக்காரன் கடை தொறக்கட்டும், மறுநாள் வரேன். மொத்தமா குட்த்துடு. இல்லாங்காட்டி மிஷின எட்த்துகினு பூடுவேன். தப்பா நெனச்சுக்காதம்மா."

ஆக, அந்தக் கரடியின் பாக்கி வந்தால் மிஷின் இருக்கும், வராவிட்டால் போகும். மிஷின் போனால் நாங்கள் என்ன செய்வோம் என்பதை நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் முதலாளியே வீடு தேடி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மூக்கைத் துளைக்கிற சென்ட், பின்னால் இரண்டு தடியன்கள். நான் மிஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டேன்.

"இன்னாமா, கண்ணு இல்லாத பொம்மையக் குட்த்து அனுப்பிகிற? வெளாட்றியா?"

"பாக்கியக் குடுங்க சார், இப்பவே கண்ண எடுத்துத் தரேன்."

"தெறப்பு வெழா முடியட்டும், தரேன்."

"அப்ப கண்ணையும் வெழா முடிஞ்சே வாங்கிக்கங்க."

ஒரு தடியன் உள்ளே ஒரு கால் எடுத்து வைத்தான். அம்மா கத்திரிக்கோலைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. முதலாளி சுவரைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவரைப் பார்த்தன. எது தன்னுடையது என்றே அவருக்குத் தெரியவில்லை. "கண்ணு இன்னா பெரிய கண்ணு? பிரிண்டு கடையில சொன்னா அரை மணி நேரத்துல அட்ச்சிக் குடுப்பான். நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வெறும் சவடால் என்றுதான் அம்மா நினைத்தாள். நான் பாவாடையை நனைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன். அம்மா வேறு பாவாடை எடுத்துக் கொடுத்தாள்.

திறப்பு விழா அன்று, பெரிய மனுஷர்கள் சூழ நிற்கிற நேரம் பார்த்துப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். நாலு பேர் எதிரில் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான் என்பது அவள் திட்டம். கரடிக் கண்களை நியூஸ்பேப்பரில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டாள். பூந்தமல்லி போய், பஸ் மாறி, காட்டுப்பாக்கத்தில் இறங்கினோம். கடை எதிர்ச் சாரியில் இருந்தது. வாழை மரமும் சீரியல் பல்பும் கட்டியிருந்தார்கள். "பேண்டு செட்" காதைப் பிளந்தது. அந்தக் கும்பலுக்கு நடுவில் எங்கள் கரடி, ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆடிக்கொண்டிருந்தது.

கரடிக்குக் கண் இருந்தது. பளபளவென்று, பெரிய ஸ்டிக்கர் கண்.

அம்மா ஒரு நொடி நின்றாள். "அய்யய்யோ, ஓட்டைய அடச்சிட்டானுங்கடீ. உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாதுடீ" என்றாள். அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. கரடியின் கையைப் பிடித்திருந்த ஆள், கையை விட்டுவிட்டு மாலையை எடுக்க ஓடினான். கரடி தனியாக நின்றது. மேளத்துக்கு ஏற்றபடி இடுப்பை ஆட்டியது. ஆடிக்கொண்டே ஒரு அடி, இன்னொரு அடி எடுத்து வைத்தது. கடைக்குள் போவதாக நினைத்துக்கொண்டு அது ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற ஜனம் கை தட்டியது.

"இங்கியே நில்லு" என்று பையை என் கையில் திணித்துவிட்டு அம்மா ஓடினாள். பூந்தமல்லி ரோட்டில் எவன் நிற்பான்? ஒரு தண்ணி லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தது. பேண்டு சத்தத்தில் அது கரடிக்கு எங்கே கேட்கப் போகிறது? நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா கரடியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்பக்கமாகத் தள்ள, இரண்டு பேரும் ரோட்டு ஓரத்தில் விழுந்தார்கள். லாரி அவர்களைத் தாண்டி, டயர் தேய்கிற சத்தத்தோடு குறுக்காக நின்றது. எனக்கு அம்மா தெரியவில்லை. லாரி மறைத்துக்கொண்டிருந்தது. அம்மா செத்துப்போய்விட்டாள் என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது: "பையக் கொண்டாடீ!"

நான் ரோட்டைக் கடந்தேன். எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. லாரியின் முன்பக்கம் இன்ஜின் சூடு கன்னத்தில் அடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் அம்மா முழங்கை சிராய்த்து ரத்தத்தோடு உட்கார்ந்து, கரடித் தலையின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பையன் வந்தான், காலேஜ் வயசு, வேர்வையில் நனைந்து, உதடு வெளுத்து.

"ஒண்ணுமே தெர்லக்கா. கையப் புட்ச்சிகினு இர்ந்தாங்க, உட்டுட்டாங்க. கடைக்குத்தான் போறேன்னு நெனச்சேங்க்கா."

"தலையக் கழட்டித் தொலைக்க வேண்டியதுதானேடா!"

"நடுவுல கழட்டுனா கூலி இல்லேன்னு சொன்னாங்கக்கா."

முதலாளி வேகமாக வந்தார். அவருக்குப் பையன்மேலும் கண் இல்லை, அம்மாவின் ரத்தத்தின்மேலும் கண் இல்லை. விருந்தினர் ரிப்பன் வெட்டக் காத்திருக்கிறார், கரடி பக்கத்தில் நிற்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். "டேய், மாட்டிகினு வாடா சீக்கிரம்" என்றார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஸ்டிக்கர் ஒட்டிய தலைக்கே மறுபடியும் கையை நீட்டினான்.

இந்த இடம்தான். அம்மா வாழ்க்கையில் அவ்வளவு பலமான பிடி அவளுக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. விருந்தினர் காத்திருக்கிறார், கரடித் தலை அவள் மடியில், கண்கள் என் கையிலிருக்கும் பைக்குள். பணத்தை வை, இல்லாவிட்டால் தலையைத் தர மாட்டேன் என்று அவள் அடம்பிடித்திருக்கலாம். எனக்கே அது புரிந்தது. ஆனால் தலை போகாவிட்டால் பையனுக்குக் கூலி இல்லை. அவன் கெஞ்சிப் பிடுங்கிக்கொண்டு போனால் மறுபடியும் குருடனாகத்தான் ஆட வேண்டும். அம்மா ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்துப் போட ஆரம்பித்தாள். பேப்பரைப் பிரித்துக் கண்களை எடுத்தாள்.

நான் அவள் காதோரம் குனிந்து, "அம்மா, மிஷினு" என்றேன்.

அம்மா கரடியின் கண்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டி, தலையை அவனுக்கு மாட்டி, பட்டையை இழுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் முதலாளியிடம், "பாக்கி, சார்" என்றாள். "ஆபீஸ் ரூம்ல குந்து, வரேன்" என்றார். குந்தியிருந்தோம். கேசரி கொடுத்தார்கள். கும்பல் கலைந்து, பேண்டுக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகு வெளியே வந்து கேட்டால், முதலாளி எப்போதோ காரில் போய்விட்டாராம். அந்தப் பையனும் அங்கே இல்லை. அவனுக்குக் கூலி கொடுத்தார்களா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

மறுநாள் தண்டல்காரர் வந்து, சொன்னபடியே மிஷினை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று இன்னொரு தடவை சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சுவரிலிருந்த கண்களையெல்லாம் இறக்கினாள். கடை கடையாகப் போய், பாக்கி கேட்காமல், அவரவர் கண்ணை அவரவரிடம் கொடுத்தோம். "ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க, உள்ள மனுஷன் இருக்கான்" என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் வெட்கப்பட்டு முழுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். அதில் எனக்கு ஸ்கூல் ஷூ வாங்கினோம். அதன் பிறகு அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு "எக்ஸ்போர்ட்" கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைக்கப் போனாள். பொம்மை தைப்பதை அத்தோடு விட்டாள்.

இப்போது நான் ஐயப்பன்தாங்கலில், ஒரு அடுக்குமாடியின் நாலாவது மாடியில் இருக்கிறேன். ஆபீஸுக்கு அந்த ரோட்டு வழியாகத்தான் தினமும் போகிறேன். மெத்தைக் கடை இருந்த இடம் எதுவென்று அடையாளம் தெரியவில்லை. எங்கள் போர்ஷனை இடித்துக் கார் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். திறப்பு விழாக்களுக்கு இப்போது காற்றால் உப்புகிற பொம்மை உடைகள் ஆன்லைனில் வருகின்றன, இடுப்பில் ஃபேன் சுழலும். கண்ணைப் பிடித்து வைத்துப் பாக்கி கேட்கிறவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், அந்தக் கரடியைப் பற்றிப் பேச மாட்டாள். எனக்குத்தான் விடவில்லை. கடை வாசலில் ஒரு பொம்மையைப் பார்த்தால் தாண்டிப் போக முடிவதில்லை.

போன வாரம் ஒரு செல்போன் கடை வாசலில் நீலக் கரடி ஒன்று நின்றது. ரோட்டுக்கு மிக அருகில். நான் நேராகப் போய் அதன் மூஞ்சிக்கு எதிரில் மூன்று விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டேன்.

கையாட்டல் நின்றது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல், "மூணுக்கா. இன்னாக்கா?" என்றது.

மூச்சு வந்தது. கிளம்பியிருக்கலாம். "கூலி குடுத்துட்டாங்களாடா?" என்றேன்.

கரடி கடைக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையை ஆட்ட ஆரம்பித்தது. "நாளைக்குன்னாங்கக்கா" என்றது.