பைக்குள் இருந்த செருப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாப்பாமோட்டையில் மாரி மழை பிடித்துக்கொண்ட நாட்களில்தான் இது தொடங்கியது. நான் தையல்காரி. பாடசாலைச் சீருடை, பெருநாள் சட்டை என்று ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் தைப்பேன். அந்த வருடம் காலையில் எழும்பினால் விரல்கள் மடங்கியபடியே நிற்கும். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார்கள். நோயை எதிர்க்க உடம்பில் இருக்கிற சக்தி, ஆள் மாறி என் மூட்டுகளையே தாக்குகிறதாம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என் உடம்பு என்னையே அடிக்கிறதா, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று நினைத்தேன்.

பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை நான். குளிசைகளை நேரம் தவறாமல் போட்டேன். போதாததற்கு மாதாவுக்கு ஒரு நேர்த்தியும் வைத்தேன். திரும்ப என் கையால் துணி வெட்டும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்பதுதான் நேர்த்தி. அதை வெளியே சொன்னால் பலிக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அதனால் கணவரிடம்கூட, செருப்புக் கடிக்கிறது என்று சாட்டுச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் எங்கள் கத்தரித் தோட்டம். அந்த மாரியில் வெள்ளம் மலசலகூடக் குழிகளையும் கலக்கிக்கொண்டு முற்றத்தால் ஓடியது. அந்த ஈர மண்ணில் மாதக்கணக்காக வெறுங்காலோடு நின்று களை பிடுங்கினேன்.

மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். முதல் தடவையே டொக்டர், "வெறுங்காலோட தோட்டத்துக்க நிக்கிறனீங்களோ?" என்று கேட்டார். எதற்கு இந்தக் கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. நேர்த்தியைக் காப்பாற்ற வேண்டுமே! "இல்லை டொக்டர், செருப்போடதான்" என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்கு உடுப்பும் போட வேண்டியிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு புதுச் செருப்பைச் சொப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். டொக்டரின் அறை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். வெளியே வந்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். கதவுக்கும் நான் உட்காருகிற கதிரைக்கும் இடையில் பத்தடிதானே, மாதா அதைப் பெரிதாக எடுக்கமாட்டா என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மூட்டு வீக்கம் குறையாததால் டொக்டர் ஸ்டீரொய்ட் குளிசையின் அளவைக் கூட்டினார். கூட்டுவதற்கு முன்பு அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். நானும் அதே பொய்யைச் சொன்னேன்.

இரண்டு கிழமை விரல்கள் நன்றாக இளகின. அதன்பிறகு வயிறு பிசையத் தொடங்கியது. சாப்பிட்டது தங்கவில்லை. வறட்டு இருமல் வந்தது. இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு கோடாக அரிப்பு, காலையில் ஓரிடம், மாலையில் இன்னோரிடம். சட்டைகளை நானே பிடித்துத் தைக்க வேண்டிய அளவுக்கு மெலிந்துவிட்டேன். மாதா என்னைச் சோதிக்கிறா, இப்போது செருப்புப் போட்டால் தோற்றுப்போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில், காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் என் பக்கத்தில் சிலாவத்துறைப் பக்கத்து முஸ்லிம் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே முடக்குவாத வருத்தம். மாதாமாதம் காண்போம், சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்று என் இருமலைக் கேட்டுவிட்டு, நான் பையிலிருந்து செருப்பை எடுப்பதையும் பார்த்தார். "ஒவ்வொரு மாசமும் பாக்குறன் தங்கச்சி. இது என்ன வேல?" என்று கேட்டார். அவ்வளவு நாளும் யாரும் கேட்காததைக் கேட்டதாலோ என்னவோ, வாய்தவறி நேர்த்தியைச் சொல்லிவிட்டேன். டொக்டரிடம் சொல் என்றார். மாட்டேன் என்றேன். அவரும் விடவில்லை. "அக்கா, நீங்கள் உங்கட வேலையப் பாருங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.

என் இலக்கத்தைக் கூப்பிட்டதும் அவரும் என்னோடு எழும்பி உள்ளே வந்துவிட்டார்.

"டொக்டர், இவ உங்கட கதவுக்குள்ள வரக்குள்ள மட்டுந்தான் செருப்புப் போடுறா. மத்த நேரமெல்லாம் வெறுங்கால்தான்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் செருப்பாலேயே ஒன்று போட்டிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பி, "கோவிச்சிக்க தங்கச்சி, பரவாயில்ல. நீ மௌத்தாப் போனா உன் நேர்த்திய யாரு முடிக்கிற?" என்றார்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். அன்றே என்னை வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்தார்கள். என் சளியைச் சோதித்தபோது அதற்குள் புழுக்கள் நெளிந்தனவாம். மண்ணிலிருந்து உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகிற பூச்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை ஓர் அளவுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. அந்தச் சக்தி என் மூட்டுகளைத் தாக்காமலிருக்கத் தந்த குளிசை, பூச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. பூச்சி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் உயிருக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அவர் ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். ஏசவேயில்லை. வெட்கத்தில் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

இதற்குள் வெளிநாட்டிலிருந்து தம்பி போன் எடுத்தான். வயிற்றில் பூச்சி இருந்தால் முடக்குவாதம் மாதிரி வருத்தம் அடங்குமாம், எங்கேயோ வாசித்தானாம், பூச்சி மருந்து எடுக்க முதல் யோசிக்கட்டாம். என் புத்தியும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் இந்தத் தடவை மறைக்கவில்லை, டொக்டரிடமே கேட்டேன். "தான் தப்பி வாழுறதுக்கு எங்கட எதிர்ப்புச் சக்தியக் கொஞ்சம் அமத்துற பூச்சியள் இருக்குத்தான். அத வச்சு வைத்தியம் செய்யலாமோ எண்டு ஆராய்ச்சி நடக்குது. ஆனா உங்கட பூச்சி உங்களக் கொல்ல வந்தது. பூச்சிக் குளிசையப் போடுங்கோ" என்றார். போட்டேன்.

தேறி வர மாதங்கள் எடுத்தன. முடக்குவாதம் போகவில்லை, போகாது என்றும் தெரியும். அதற்கான மருந்தை மாற்றித் தந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு செருப்புப் போட்டுக்கொண்டே மாதா கோயில் வாசல்வரை நடந்தேன். மாதாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "நேர்த்திய முறிச்சிட்டன் அம்மா. பிடிவாதத்த மட்டும் வச்சிருக்கிறன்." அடுத்த தவக்காலத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குத் துணி வெட்டினேன். கோணல்தான். ஆனாலும் என் கையால் வெட்டியது.

அந்த அக்காவுக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் கிளினிக் வாங்கில் யாராவது புதிதாக வந்து இருந்தால் நான் முதலில் பார்ப்பது அவர்களின் கால்களைத்தான். கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது, உன் வேலையைப் பார் என்கிறார்கள். என் கோபத்துக்குப் பயந்து அந்த அக்கா அன்று பேசாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன், அதனால் நானும் யாருடைய கோபத்துக்கும் பயந்து கேட்காமல் விடுவதில்லை.