கோமளம் மாமி குங்குமம் வைத்த ஹாஜரா

என் மாமியார் கோமளத்தோடு வாதாடி ஜெயித்தவள், எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பெயர் அஃப்சருன்னிசா. மீர்சாகிப்பேட்டையில் வீடு. தி.நகரில் சாய்நாத்தின் புடவைக் கடைக்கு இருபது வருஷமாக எம்பிராய்டரி வேலை.

மயிலாப்பூரில் எங்கள் பூஜை அறையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பட்டுத் துணியில் பட்டு நூலால் தைத்தது. அடையாற்றுப் பங்களாவைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரரிடமிருந்து என் மாமனாரின் அப்பா ஏலத்தில் எடுத்தது. தாடிக்காரர் ஒருவர் கையை நீட்ட, ஒரு பெண்ணும் சிறுவனும் வீட்டை விட்டுப் போகிறார்கள். அரிச்சந்திரன் சந்திரமதியையும் லோகிதாசனையும் விற்கிற காட்சி என்று மாமியார் தீர்மானித்துவிட்டார். வெள்ளி தவறாமல் அந்தப் பெண்ணுக்குச் சந்தனம், குங்குமம். ஐம்பது வருஷ பக்தியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு அடைதான் மிச்சம்.

1995-ல் அடையாற்றில் பழைய கைவேலைக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். படத்தைத் தருவதாக மாமியார் வாக்குக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் சரிசெய்தாக வேண்டும். சாய்நாத் அஃப்சரை அனுப்பிவைத்தார்.

படத்தைப் பார்த்ததுமே அவள் சிரித்துவிட்டாள்.

"மாமி, இது அரிச்சந்திரன் இல்லே. இப்ராஹீம் நபி. அவங்க ஹாஜராம்மா, புள்ளை இஸ்மாயில். தண்ணி ரொப்புன தோல் துருத்தி கீது பாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கான்வென்ட்டில் படித்த ஆபிரகாம், ஆகார் கதை! ஆகாரையும் பிள்ளையையும் ஆபிரகாம் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிற காட்சி. முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் வசதியான வீட்டுப் பெண்கள் பைபிள் காட்சிகளை இப்படித்தான் தைத்து வைப்பார்களாம்.

"நன்னாருக்கு! அம்பது வருஷமா யாரோ ஒருத்திக்கா குங்குமம் வெச்சிண்டிருந்தேன்?" என்று மாமியார் குதித்தார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "சரி, அவ முகத்தைப் பழையபடி போட்டுக் குடு. கண்ணும் மூக்கும் லட்சணமா இருக்கும், நானே பார்த்திருக்கேன்" என்றார்.

"மத்ததெல்லாம் செய்றேன் மாமி. அவங்க முகத்தை மட்டும் தெக்க மாட்டேன். நபி குடும்பத்து முகத்தை உருவமா காட்டுறது எங்க மார்க்கத்துல ஆகாது."

மாமியார் சாய்நாத்துக்கு ஃபோன் போட்டார். அவர் அஃப்சரிடம் பேசினார். முகம் போடாவிட்டால் இனிமேல் கடைப்பக்கமே வரவேண்டாம் என்றாராம். இரண்டு பெண்களோடு அவள் குடும்பம் அந்த வேலையில்தான் ஓடியது. எனக்கு மாமியார் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்தமாவது பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்" என்று அஃப்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும் என்று ஊசிமுனையாலேயே அடையைப் பொடிப்பொடியாகப் பெயர்த்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம், "ஜலஜாம்மா, இங்க வாங்க!" என்று எனக்கு ஒரு கூப்பாடு.

அடைக்கு அடியில் கறை படிந்த வெறும் துணிதான் இருந்தது.

"நூல் போனாலும் ஊசி போன ஓட்டை போவாது. கண்ணுக்கு ஓட்டை இல்லே, மூக்குக்கும் இல்லே. சுத்தி ஓரத்துல மட்டும் கீது." அடையில் ஒட்டியிருந்த துணுக்கைக் காட்டினாள். நூலாலேயே பின்னிய வெள்ளை லேஸ். படத்தைத் திருப்பினால் பின்பக்கம் அதே வெள்ளை நூலின் முடிச்சு. "கைக்குட்டையால முகத்தை மூடிக்கினு அழுவுறாங்க, மாமி. இதைத் தெச்ச பொண்ணு முகமே வெக்கலே."

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"அப்போ நான் பார்த்த கண், மூக்கு?"

"அது நீங்க வெச்சது, மாமி."

மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, கைக்குட்டையையே போட்டுக் குடு" என்றார். கை தட்டவேண்டும் போல இருந்தது எனக்கு.

அந்தத் துணுக்கைப் பார்த்துப் பார்த்து அஃப்சர் நாலே நாளில் புதுக் கைக்குட்டை பின்னினாள். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுப் பொருத்தினாள். கறை அதனடியில் மறைந்துவிட்டது.

கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். சாய்நாத்தும் வந்தார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தும் எது பழசு, எது புதுசு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"திங்கட்கிழமை கடைக்கு வந்துடும்மா" என்றார்.

"வர்றேன் சார். ஆனா எது தெப்பேன், எது தெக்க மாட்டேன்னு நான்தான் சொல்வேன்."

சாய்நாத் சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டினா போறாது," என்றார் பக்கத்தில் நின்ற என் மாமியார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாயைத் திறந்து சொல்லுங்கோ."