ரேடியேட்டருக்குள் போன அம்மாவின் மஞ்சள்

சூடான எஞ்சினில் மஞ்சள் தூள் வெந்தால் ஒரு வாசம் வரும். டீசலும் கல்யாண வீட்டு அடுப்பும் கலந்த மாதிரி. போன வாரம் சர்வீஸ் சென்டரில் என் கார் பானட்டைத் திறந்தபோது, அந்த வாசம் வருமா என்று சும்மா மூக்கை நீட்டிப் பார்த்தேன்.

வரவில்லை...

அப்போது நாங்கள் போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில் இருந்தோம். அண்ணனிடம் ஒரு பழைய ஜீப். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவது அதன் வேலை, ஏற்றத்தில் கொதித்து நிற்பது அதன் குணம்.

நர்சிங் முடித்து எனக்கு முதல் வேலை தேனியில். திங்கட்கிழமை காலை டூட்டியில் சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம் என்று இருந்தேன்.

ஞாயிறு லீவு என்பதால் அண்ணன் சாவகாசமாக ஜீப்பின் ஹோஸ்களை எல்லாம் கழற்றிப் போட்டிருந்தான். புது ஹோஸ் மாட்டி, ரேடியேட்டரையும் கழுவிவிடுவதாகத் திட்டம்.

சாயங்கால பஸ் போன பிறகுதான் கடை டிவியில் சொன்னார்கள்... நாளைக் காலை ஆறு முதல் ஹர்த்தால்.

கேரளாவில் ஹர்த்தால் என்றால் நாய்கூட யோசித்துத்தான் ரோட்டைக் கடக்கும். ஆனால் மெட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. அங்கே எப்போதும் போல பஸ் ஓடும். ஆறு மணிக்குள் நான் மெட்டைத் தாண்ட வேண்டும். ஜீப்போ வயிற்றைத் திறந்துபோட்டு வாசலில் கிடக்கிறது.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"அண்ணே, முடியுமா முடியாதா?"

"நீ உள்ள போயி துணிய மடி பாப்பா."

"மடிச்சாச்சு."

"திருப்பி மடி."

அண்ணன் ரேடியேட்டரின் கீழே குழாயைத் திறந்துவிட்டு, மேலே ஊற்றுத் தண்ணீர் டியூபைச் சொருகினான். வந்தது துருத் தண்ணீர் இல்லை. மஞ்சள்... குழம்பு மாதிரி மஞ்சள்.

எங்கள் மலையில் ரேடியேட்டர் ஒழுகினால் யாரும் ஒர்க் ஷாப்புக்கு ஓட மாட்டார்கள். ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டினால் அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி சரி. இது மூட்டைக் கணக்காக அல்லவா வருகிறது?

"எந்த மகராசன்யா இதுக்குள்ள இம்புட்டு மஞ்சளக் கொட்டுனது?" என்று அண்ணன் கத்தினான்.

அப்பா தொண்டையைச் செருமினார். "போன வாரம் ஒழுகுச்சேன்னு ஒரு கை போட்டேன்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நானும் ஒரு கை போட்டேன்யா. நீதான் அன்னைக்கு ஊருல இல்லையே."

அண்ணன் டியூபை இன்னும் உள்ளே தள்ளினான். பிறகு மெதுவாக, "நானுந்தான் போட்டேன்" என்றான்.

வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து லயத்து அக்கா வந்து, "ஏத்தா, யாருக்குச் சடங்கு? எனக்கு ஒரு வார்த்த சொல்லல?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும்வரை அண்ணன் விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுத் திரும்பவும் இறக்கினான். புது ஹோஸ், புது கிளாம்ப். இருட்டுவதற்குள் மாட்டி முடித்து, ஏதோ எஞ்சினையே அவன்தான் செய்தவன் மாதிரி கையைக் கழுவினான்.

ராத்திரி யானை இறங்கும் ரோடு என்பதால் விடியக்காலம்தான் கிளம்பினோம். பனிமூட்டம். ஏற்றத்தில் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். மெட்டு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் முள் ஏறியது. புஸ்ஸென்று ஆவி.

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தான். ரேடியேட்டரில் ஊசி ஓட்டை. இத்தனை நாள் அதைப் பிடித்து வைத்திருந்ததே அந்த மஞ்சள்தான்... அதைத்தான் அவன் விழுந்து விழுந்து கழுவியிருக்கிறான்.

சூட்டில் மூடியைத் திறக்கவும் முடியாது. நிற்க வேண்டியதுதான். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. கொடியோடு ஹர்த்தால்காரர்கள் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் எங்கள் தோட்டத்து யூனியன் அண்ணாச்சி.

"ஆறாயிட்டா விடமாட்டோம், கேட்டோ" என்றார், பாதி மலையாளத்தில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மணி தெரியாதபடி வாட்ச்சை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

என் பையில் அம்மா கட்டிக்கொடுத்த சின்ன முடிச்சு இருந்தது. உப்பும் மஞ்சள் தூளும், தனித்தனிப் பொட்டலமாக. புது இடத்துக்குள் முதலில் அதுதான் போக வேண்டும், ஹாஸ்டல் அறையில் வைத்துவிட்டுத்தான் பெட்டியை வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முடிச்சைப் பார்த்தான்.

"குடு."

"நேத்துப் பூரா இதத்தான ஏசுன?"

"குடுன்னா குடு தாயி."

மூடி ஆறியதும் நான் மஞ்சளைப் பாட்டிலில் கரைத்துக் கொடுக்க, அவன் ஊற்றினான். தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தது யூனியன் அண்ணாச்சிதான். எஞ்சின் ஓடியது. சொட்டு... சொட்டு... பிறகு நின்றது. "ஓடு, ஓடு" என்று கொடியாலேயே எங்களை விரட்டினார்.

கையெல்லாம் மஞ்சளோடு டூட்டியில் சேர்ந்தேன். "வீட்டுல விசேஷமா?" என்று கேட்ட சிஸ்டரிடம், ஆமாம் என்று சொன்னேன். ஹாஸ்டல் அறைக்குள் வெறும் உப்போடுதான் குடிபோனேன்.

இப்போது என் காரில் பச்சை கூலண்ட். கிலோமீட்டர் கணக்குக்கு மெசேஜ் வரும், காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஏசி ரூமில் காபி குடிப்பேன். மஞ்சள் போட்டால் வாரண்டி போய்விடுமாம்... கேட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, எனக்குத்தான் இன்றைக்கும் அந்த முள்ளைப் பார்க்காமல் மலை ஏற முடிவதில்லை.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. அண்ணன் அந்த ஜீப்பை இன்னும் விற்கவில்லை. போன தடவை போனபோது, "ரேடியேட்டரக் கழுவி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டேன்.

"அன்னைக்குக் கழுவுனதுதான்" என்றான். "உள்ள அம்மா குடுத்தது கெடக்குல்ல. கெடக்கட்டும்."