சர்க்கரை தூக்கல்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எனக்கு இருபத்தைந்து வயது. பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்வேன். சந்திரனின் தூரம், ஒட்டகத்தின் வயிறு, எல்லாம் அத்துப்படி. தெரியாதவர்களை ஜடங்கள் என்பேன்.

அந்த மண்டைக்கனத்தோடுதான் அம்மாவுடன் மயிலாப்பூரில் பெண் பார்க்கப் போனேன். பாடச் சொல்லாமல் பரீட்சை வைத்தேன்.

"உலகத்திலேயே நீளமான நதி எது?"

பெண் காபி டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"போகட்டும், எறும்புக்கு எத்தனை கால்?"

அவள் அப்பா அசட்டுச் சிரிப்பு சிரித்தார். சொஜ்ஜி பஜ்ஜியை முடித்து, காபியைக் குடித்தபடி விடைகளை நானே விளக்கினேன். "பொது அறிவு சுத்த சூன்யம்" என்று அம்மாவிடம் உரக்கவே சொன்னேன்.

பெண் நிமிர்ந்தாள். "காபி எப்படி இருந்தது?"

"பேஷ். சர்க்கரைதான் துளி தூக்கல்."

"அதுல சர்க்கரையே போடலை. ரேஷன்ல வந்தது சொஜ்ஜிக்கே சரியாப் போயிடுத்து. அதைச் சொல்ல வெக்கப்பட்டுண்டு அப்பா தவிச்சுண்டிருக்கார். எறும்புக்கு எத்தனை காலோ, எனக்குத் தெரியாது. ஆனா சர்க்கரை இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியும்."

என் டம்ளர் காலியாக இருந்தது. அந்த நொடியில்தான் அவளை எனக்குப் பிடித்துப்போனது. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று மறுவாரம் கடிதம் வந்தது.

இன்றும் துணுக்கு ஒப்பிக்கும் மேதாவிகளைக் கண்டால், சர்க்கரை போடாத காபியைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. அந்தப் பரீட்சையில் முதலில் தோற்ற ஜடம் நான்தான்.