லண்டனுக்குப் போன ஜெரானியம்

நாங்கள் லண்டனுக்குக் குடிபெயரப் போகிறோம் என்ற செய்தியை வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு மாடிவீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். லண்டனில் அப்பாவின் தமையன், என் பெரியப்பா, இருந்தார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் சொல்வார். கேட்டுக் கேட்டு, டிசம்பரில் நத்தார் விடுமுறையோடு போய்விடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்கு மாடி பஸ் ஒன்றே போதுமாக இருந்தது. அம்மா மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் நெடுநாளாகத் துப்புரவு வேலை செய்துவந்த அவருக்கு, அங்கேயே தாதியாவதற்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி அப்போதுதான் கிடைத்திருந்தது.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அம்மா கத்தரிக்கோலோடு பல்கனிக்குப் போனார். அங்கே ஜெரானியம் சிவப்பும் வெள்ளையுமாகப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வழக்கமாக முதல் உறைபனியில் அது கறுத்துப்போகும், அம்மா அள்ளிக் குப்பையில் போடுவார். அன்றைக்கு அவர் நுனிக்கிளைகளை நறுக் நறுக்கென்று வெட்டி, பூக்களையும் மொட்டுகளையும் கிள்ளி எறிவதைப் பார்த்து நான் பதறிப்போனேன்.

“அம்மா, நல்ல பூவெல்லோ!”

“பூவை விட்டால் வேர் வராது குஞ்சு. என்னோட வேலை செய்யிற அக்கா சொன்னவ. இதுகள் ஸ்டெக்லிங், வெட்டி நடுற துண்டுகள். இப்ப உள்ளுக்க நட்டு வைச்சால், குளிருக்குத் தப்பிப் பிழைச்சிடும்.”

அவ்வளவுதான், எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கணுவுக்குக் கீழே வெட்டுவதும் அடியிலைகளை உரிப்பதும் அம்மாவின் வேலை. யோகட் கோப்பைகளின் அடியில் ஆணியால் துளை போடுவதும், மணல் கலந்த மண்ணில் பென்சிலால் குழி தோண்டுவதும் என் வேலை. கோப்பைகள் முடிந்துபோயின. குளிர்சாதனப் பெட்டியிலிருந்த யோகட்டையெல்லாம் இருவரும் நின்றபடியே வழித்துத் தின்றோம். அதுவும் போதவில்லை. நான் படியிறங்கி ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டி வெற்றுக் கோப்பை கேட்டேன். கீழ்வீட்டுக்காரர் ஒரு பை நிறையத் தந்தார். பல வண்ண இலைகள் கொண்ட கோலியஸின் தண்டுகளைத் தண்ணீர்க் கிளாஸ்களில் போட்டு வைத்தோம். என் கையெல்லாம் ஜெரானியம் இலையின் காரமான வாசம். கழுவ மனம் வரவில்லை.

வேலையால் வந்த அப்பா, குசினி யன்னலைப் பார்த்தார், படுக்கையறை யன்னலைப் பார்த்தார், குளியலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“இஞ்சாரும், என்ன இது? நத்தாரோட வெளிக்கிடப் போறம். இதுகளை எப்ப திரும்ப வெளியில வைக்கிறது?”

“மே மாதம்.”

“மேயிலயோ?”

“ஓம். அதுக்கு முதல் ஏலாது. குளிர் பட்டால் செத்துப்போயிடும்,” என்றார் அம்மா, ஒரு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றியபடி.

அப்பா சாப்பாட்டுப் பெட்டியை வைக்க இடம் தேடி, அதைத் தரையில் வைத்தார்.

ஒருநாள் காலை, கிளாஸுக்குள் கோலியஸின் தண்டில் வெள்ளை நூல் போல ஏதோ தொங்குவதைக் கண்டேன். “வேர்! வேர்!” என்று நான் போட்ட கூச்சலில், அரைமுகத்தில் சவர நுரையோடு அப்பா ஓடிவந்தார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு, ஜெரானியங்கள் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்கக் கோப்பைகளைத் தினமும் திருப்பி வைப்பது அவர்தான். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பாரமான சாமான்களை முன்கூட்டியே கொண்டுபோக, நவம்பரில் பெரியப்பா காரோடு வந்து இறங்கினார். அவர் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யன்னல் யன்னலாகக் காட்டினேன். எது துளிர்விட்டது, எது அழுகிப்போனது, எது என்னுடையது, எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெட்டிகூடக் கட்டப்பட்டிருக்கவில்லை.

“பிள்ளை, இதுகள் இஞ்ச எத்தினை நாளைக்கு நிக்கும்?” என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். அப்பாதான் தேநீரைப் பார்த்தபடி சொன்னார்: “மே வரைக்கும் அண்ணை. அதுக்கு முதல் ஏலாது. குளிர் பட்டால் செத்துப்போயிடும்.”

பெரியப்பா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தேத்தண்ணி நல்லாயிருக்கு பிள்ளை,” என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவசரமில்லாத ஏதோ ஒரு பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார்.

மறுநாள் பெரியப்பா புறப்படும்போது, நன்றாக வேர்விட்ட சிவப்பு ஜெரானியம் ஒன்றை அம்மா அவரிடம் கொடுத்தார். அவர் அதை முன்சீட்டில் வைத்து, சரியாதபடி தன் குளிர்ச்சட்டையை அதைச் சுற்றி அணைத்துக் கட்டினார். என் பூ லண்டனுக்குப் போகிறது! தெருமுனைவரை காருக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். இளஞ்செடிகளால் குளிர்காலத்தில் பயணம் செய்ய முடியாது, அதனால்தான் நாங்கள் லண்டனுக்குப் போகவில்லை. ஆசிரியைகூடத் தலையாட்டினார். பெரியப்பாவின் காருக்குள் கதகதப்பாகத்தான் இருந்தது. பின்பக்கம் முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. எங்கள் கோப்பைகள் அத்தனையும் அதில் தாராளமாக அடங்கியிருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.