தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்

“தொண்ணூத்தெட்டு.”

“எழுதியாச்சு. அடுத்தது.”

“தொண்ணூத்தெட்டு.”

“தூக்கம் வருது ஹென்னிங். வேற ஏதாவது நம்பர் சொல்லேன்.”

“பத்தொம்பது.”

“விளையாடாதே.”

நான் விளையாடவில்லை. லேசர் கருவியின் திரையில் 0.19 என்றுதான் இருந்தது.

இது நடந்தது. லூபெக் நகரத்தில், சென்ற நவம்பர் பதினொன்றாம் தேதி, பிற்பகல் 2.47க்கு. நேரத்தோடு குறிப்பேட்டில் இருக்கிறது, வீப்கேயின் கையெழுத்தில். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நானும் வீப்கேயும் பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுகிறவர்கள். அன்று அளந்தது ஒரு சந்து. தெருவைப் பார்த்த பெரிய வீட்டின் வயிற்றைக் குடைந்துகொண்டு எட்டு மீட்டர் உள்ளே போகும். அந்தப் பக்கம் ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றி ஏழு குட்டி வீடுகள். இந்த ஊரில் இப்படி எத்தனையோ சந்துகள் உண்டு. அகலத்துக்கு ஒரே ஒரு பழைய விதி. ஒரு சவப்பெட்டி போக வேண்டும்.

முற்றத்தில் ஐந்தாம் எண் வீடு வீப்கேவுக்குக் கிடைக்க இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. கணவனைப் பிரிந்து வந்து ஆறு வருடம் அடுத்தவர்கள் வீட்டு அறைகளில் இருந்தவள். அன்று காலையில் மட்டும் மூன்று முறை போய் அந்தக் கதவைத் தொட்டுவிட்டு வந்தாள்.

சந்தின் தரையைப் போன கோடையில்தான் உயர்த்தியிருந்தார்கள். அடியில் புதுக் கழிவுநீர்க் குழாய். பழைய கல்தரைக்கு மேல் சரியாக நாற்பது சென்டிமீட்டர். மதியம் படியில் உட்கார்ந்து மீன் வைத்த ரொட்டி தின்னும்போது வீப்கே அதைத்தான் சொல்லிச் சிரித்தாள்.

“பாவம் இந்தச் சந்துப் பேய்ங்க. அதுங்க பழைய தரையிலதான நடக்கும்? முழங்கால் வரைக்கும் கல்லுக்குள்ள மாட்டிக்குமே.”

“நல்லதுதான். துரத்தினா ஓட முடியாது.”

“நீ மட்டும் ஓடிடுவியாக்கும். தொப்பையைப் பாரு.”

வேலை எளிது. இருபது சென்டிமீட்டருக்கு ஒரு முறை சந்தின் அகலத்தை அளக்க வேண்டும். கணுக்கால் உயரம், இடுப்பு உயரம், தோள் உயரம். கருவியை இடது சுவரில் அழுத்தினால் வலது சுவரில் சிவப்புப் புள்ளி விழும். நான் படிப்பேன். அவள் எழுதுவாள்.

0.19 வந்தபோது சுவரில் புள்ளி இல்லை.

எங்கேயும் இல்லை.

குறுக்கே கையை வீசிப் பார்த்தேன். வெறும் காற்று. ஆனால் இடது சுவரிலிருந்து பத்தொன்பது சென்டிமீட்டர் தள்ளி ஏதோ இருக்கிறது என்றது கருவி. கணுக்கால் உயரத்தில் 98. இடுப்பு உயரத்தில் 98. தோள் உயரத்தில் மட்டும் 19. அடுத்த இடத்தில் 18. அதற்கடுத்து 17. பிறகு மெல்லக் கூடியது. 20... 23... 26... மொத்தம் பத்து இடங்கள். பதினோராவது இடத்தில் மறுபடி 98.

“பேட்டரியை மாத்து,” என்றாள்.

மாற்றினேன். 3.08க்கு முதலிலிருந்து தொடங்கினோம். முற்றத்துப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. 98, 98, 98. சந்தின் நடுவைத் தாண்டியதும்...

“பத்தொம்பது.”

வீப்கே நிமிர்ந்து பார்த்தாள். பென்சில் நின்றுவிட்டது.

“முன்னாடி இது முற்றத்துக் கோடியிலதானே இருந்துச்சு?”

“ஆமா.”

18... 17... 20... 23... 26... அதே பத்து எண்கள். அதே வரிசை. நான்கு மீட்டர் தெருவை நோக்கி நகர்ந்திருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. குளிரில் விரல்கள் மரத்திருந்தன. மனசும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

3.16. மூன்றாம் எண் வீட்டுக்காரர் தெருவிலிருந்து மிதிவண்டியோடு வந்தார். சந்து வாசலிலேயே ஒதுங்கி நின்றார்.

“வாங்க, நாங்க சுவரோட ஒட்டிக்கிறோம்,” என்றேன்.

“வெளிய வர்றவங்களுக்குத்தான் முதல் வழி.”

இங்கே எல்லாச் சந்துகளிலும் அதுதான் வழக்கம். ஆனால் நாங்கள் வெளியே வரவில்லை. அவர் எங்களைப் பார்க்கவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

எங்கேயோ மரம் ஒரு முறை முனகியது.

க்ர்ர்ர்க்...

என் இடது தோள் கீழே இறங்கியது. யாரோ ஒரு பாரத்தின் முனையை அதன்மேல் வைத்ததுபோல.

ஒரு நொடி.

இரண்டு.

பாரம் போய்விட்டது.

அவர் கையிலிருந்த தொப்பியையே பார்த்தார். எதற்காகக் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாததுபோல. பிறகு அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

3.20க்கு மறுபடி அளந்தோம். எல்லா இடத்திலும் தொண்ணூற்றெட்டு.

“கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. இல்லேன்னா உனக்கு,” என்றாள் வீப்கே. குறிப்பேட்டை மூடிவிட்டு ஐந்தாம் எண் கதவை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கப் போனாள்.

என் இடது தோள் அன்றிலிருந்து மரத்தே இருக்கிறது. நரம்பில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார் மருத்துவர்.

வியாழக்கிழமை மாலை, அலுவலகத்தில் தனியாக இருந்தபோது, அந்தத் தவறான எண்களையும் வரைந்து பார்த்தேன். புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, மறுபக்கத்துக்கும் அதையே திருப்பிப் போட்டேன். ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளம். ஒடுங்கிய முனை தெருப் பக்கம்.

அது என்னவென்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதுவரை பரவாயில்லை. பழைய சந்து. எத்தனையோ சவப்பெட்டிகள் போயிருக்கும். அப்புறம்தான் உயரத்தைப் பார்த்தேன். தோள் உயரம், புதுத் தரையிலிருந்து. பழைய காலத்துப் பெட்டியாக இருந்தால் பழைய தரையில் நடந்தவர்கள் தூக்கியிருப்பார்கள். நாற்பது சென்டிமீட்டர் கீழே, இடுப்பு உயரத்தில் தட்டியிருக்கும்.

இது புதுத் தரையில் நடப்பவர்களின் தோளில் இருந்தது.

முற்றத்து மூன்றாம் எண் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். தரையை உயர்த்திய பிறகு அங்கே சாவு எதுவும் இல்லை என்றார். ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் இருந்தது. இடுப்பு உயரத்தில் கடைசிவரை 98. பெட்டிக்குக் கீழே ஆட்கள் இல்லை. தூக்குகிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

6.12க்கு வீப்கே போனில் கூப்பிட்டாள். அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நாளைக்கு ஒன்பது மணிக்குக் கையெழுத்து. சனிக்கிழமையே குடி போறேன். அம்மாவோட ஓக் அலமாரி இருக்கில்ல, அதைப் பிரிக்க முடியாதாம். முழுசாத் தோள்லதான் தூக்கிட்டுப் போகணும். சந்துல போகும், நீதான் அளந்தியே.”

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கும் மரத்திருந்தது.

“ஆறு பேர் வேணும். அஞ்சு பேரைப் பிடிச்சிட்டேன். இடது பக்கம் பின்னாடி ஒரு தோள்தான் குறையுது. ஹென்னிங், இருக்கியா? நீ வாயேன்.”